திரையில் ஒட்டிய சிவப்புப் பொட்டு

பஸ் சின்னமனூரைத் தாண்டி சீலையம்பட்டியை நெருங்கும்போது, செல்போனில் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த சினேகாவின் கட்டை விரல் சட்டென்று நின்றது.

இரண்டே போட்டோக்கள். இரண்டும் அன்று காலை பாண்டீஸ்வரனின் கதவுப் பட்டறையில் எடுத்தவை. மரம் செதுக்கும் மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டரின் தொடுதிரைதான் இரண்டிலும். முதல் படத்தில் பழைய டூல்பார். மழை விட்ட சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் அப்பிக்கொள்ளுமே, அப்படி மூன்று வரிசைக்குக் குட்டிக் குட்டிப் படங்கள். எது எதற்கு என்பது செய்தவனுக்கே மறந்துபோயிருக்கும். இரண்டாவது படத்தில் சினேகா வடிவமைத்த புது டூல்பார். ஒன்பதே பட்டன்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம், கொட்டை எழுத்துத் தமிழ். நேற்று இப்படி, இன்று இப்படி என்று அந்தச் சாஃப்ட்வேரை விற்கிற தன் முதலாளி ஜெபமணிக்கு அனுப்பிப் பெருமையடித்துக்கொள்ள எடுத்த படங்கள். அனுப்பியும் ஆகிவிட்டது.

தள்ளினாள். டூல்பார் மாறியது. திரும்பத் தள்ளினாள். பழையது வந்தது. ஒன்று மட்டும் மாறாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு சிவப்புப் பொட்டு.

காலையில் அதைப் பார்க்காமல் இல்லை. திரையின் மேல்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று ஏழெட்டு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. மெஷின் ஓட்டும் முத்துலட்சுமி முகம் கழுவப் போகும்போது ஒட்டிவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தாள். எந்தப் பெண்தான் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டிவைக்கவில்லை? கெங்குவார்பட்டியில் சினேகாவின் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் பொட்டுகளின் மாநாடே நடக்கும். அதனால் திரையில் படிந்த மரத்தூளைத் துடைக்கும்போதுகூட, பொட்டுகளை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு துடைத்தாள்.

இப்போது பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பொட்டுகள் கண்டபடி ஒட்டப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் படத்துக்கு நேர் கீழே இருந்தது. அந்த ஈசல் கூட்டத்தில் தனக்கு வேண்டியது எதுவென்று முத்துலட்சுமி போட்டுவைத்த அடையாளம் அது.

சிவப்புப் பொட்டு இருந்தது 'லாக்' பட்டனுக்குக் கீழே.

கதவு செதுக்குகிற மெஷினில் ஒரு பிட், அதாவது மரத்தைக் குடைகிற முனை, தன் வேலையை முடித்ததும், மெஷின் தானாக நின்று அடுத்த பிட்டுக்குக் காத்திருக்கும். அப்போது ஒருவர் லாக்கை அமுக்க வேண்டும். அமுக்கினால் மெஷின் என்ன செய்தாலும் சுழலாது. அதற்குப் பிறகுதான் இன்னொருவர் கையை உள்ளே விட்டுப் பிட்டைக் கழற்றுவார். பாண்டீஸ்வரன் பட்டறையில் லாக் அமுக்குவது முத்துலட்சுமி. கையை விடுவது தவசி, அவள் புருஷனின் தம்பி.

சினேகா புது போட்டோவுக்குத் தள்ளினாள். சிவப்புப் பொட்டு இப்போது எந்தப் பட்டனின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எழுத்துக் கூட்டி வாசிக்கவே வேண்டியதில்லை. அவளே வைத்த பட்டன். அவளே தேர்ந்தெடுத்த வார்த்தை.

'தொடர்.'

அமுக்கினால் மெஷின் சுழலும்.



அந்த டூல்பாருக்காக அவள் ஜெபமணியோடு போட்ட சண்டை பழனிசெட்டிபட்டி ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். "ஏம்மா, ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாடியும் ஒரு கஸ்டமர் இருக்காரும்மா" என்பார் அவர். "போடியில ஒருத்தர் கேட்டாகன்னு மயில் தோகைய வளைக்க ஒரு பட்டன் போட்டேன். அத எடுத்துட்டு அவுக மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"அந்தப் பட்டன அவரே தொட்டதில்ல சார். யாரு எத எத்தன தடவ தொடுறாங்கன்னு கணக்கு எடுத்திருக்கேன். இப்படியே போனா ஸ்கிரீன் முழுக்க பட்டன்தான் இருக்கும், கதவு வரைய இடம் இருக்காது."

வேலையை விட்டே போகிறேன் என்று மிரட்டிய பிறகுதான் அவர் இறங்கி வந்தார். ஒரே ஒரு பட்டறையில் போட்டுப் பார்க்கலாம், சரிப்பட்டால் எல்லோருக்கும் அனுப்பலாம் என்றார். கணக்கில் முதல் ஒன்பது இடத்தைப் பிடித்த பட்டன்கள் முன்னால் வந்தன. மற்றதெல்லாம் 'மற்றவை' என்ற மெனுவுக்குள் போயின. ஒரு கதவுக்கு ஓரிரு தடவை மட்டும் தொடப்படுகிற லாக்கும் அதற்குள் போனது. அடிக்கடி தொடாதது அவசியமில்லாதது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அடுப்படியில் கரண்டியை நாள் முழுக்கத் தொடுகிறோம், கேஸ் வால்வை எப்போதாவதுதான் மூடுகிறோம் என்பது அவளுக்கு அன்று உறைக்கவில்லை.

காலையில் சொல்லிக் கொடுக்கும்போதும் அது மாட்டவில்லை. சின்னப் பலகையில் ஒரு தாமரையைச் செதுக்கிக் காட்டினாள். ஒரே பிட்டில் முடிந்த வேலை.

"மதினிக்குப் புது டிவி வந்துருச்சு. சீரியல் தெரியுமா இதுல?" என்று கேலி செய்தான் தவசி.

"ஆமா கொழுந்தனாரே, வில்லன் வேசம் காலியா இருக்காம். உங்களத்தான் தேடுறாக" என்றாள் முத்துலட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் சினேகா கிளம்பினாள். அப்போது மெஷினில் கம்பத்துக்காரர் ஒருவரின் தலைவாசல் கதவு ஏறியிருந்தது. நடுவில் கஜலட்சுமி, இருபுறமும் யானை. அவள் படி இறங்கும்போது முதல் பிட் இடதுபக்க யானையில் இருந்தது. லட்சுமியைக் கடந்து வலதுபக்க யானையை முடித்தால் மெஷின் நிற்கும். பிட் மாற்ற வேண்டும்.

இப்போது எங்கே இருக்கும்?

முத்துலட்சுமிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தவசிக்கும் அப்படியே. மரத்தூள் புகுந்து போன்கள் பாழானதிலிருந்து அந்தப் பட்டறையில் வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். மெஷின் சத்தத்தில் டின் அலறினாலும் கேட்காது.

பாண்டீஸ்வரன் எடுத்தார். "சொல்லுங்க மேடம்! லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக்கிட்டு இருக்கேன். குமுளில ஒரு கதவு மாட்டணும்."

"அண்ணே, பட்டறையில மெஷின நிறுத்தச் சொல்லுங்க!"

"ஆமா மேடம், நல்லா இருக்குன்னு முத்துலட்சுமியும் சொன்னாக."

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே! தவசி அண்ணன் கை..."

கொண்டை ஊசி வளைவு பேச்சை விழுங்கிவிட்டது. திரும்பப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன்.

"கண்டக்டரண்ணே, இறங்கணும்! நிறுத்துங்க!"

"டிக்கெட்டு தேனிக்கு எடுத்துட்டு இங்கன எதுக்கும்மா இறங்குற?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் லேப்டாப் பையோடு ரோட்டில் நின்றாள்.

எதிர்ப்பக்கம் கம்பம் போகிற பஸ் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு குட்டியானை வண்டிதான் வந்தது. பின்னால் வாழைத்தாரும் வாழைத்தண்டும் ஏற்றியிருந்தது. நடுரோட்டுக்கே போய்க் கையை விரித்து மறித்தாள்.

"ஏ ஆத்தா! சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" என்று தலையை நீட்டினார் டிரைவர். கண்ணாடியில் 'மொக்கைச்சாமி துணை' என்று எழுதியிருந்தது. அவர் பெயரும் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

"அண்ணே, சின்னமனூர் தாண்டி ஒரு கதவுப் பட்டறை. வெரசாப் போகணும். ஒருத்தர் கை போயிரும்."

"கையா? யாரு வெட்டப்போறா?"

"நான்தாண்ணே."

மொக்கைச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி பறந்தது. பறந்தது என்று அவர்தான் சொன்னார். சினேகாவுக்கு அது தவழ்வதுபோல இருந்தது. இருபுறமும் வாழைத் தோப்புகள் நின்று நிதானமாக நகர்ந்தன. மனசுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடது யானையின் காது. தும்பிக்கை. லட்சுமியின் கிரீடம்.

சின்னமனூருக்குள் நுழையும் முன்னால் மாடுகள் மறித்தன. மலைமாடுகள். செம்பழுப்பும் கறுப்புமாக ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு, மலையடிவாரத்துக்கு இறங்கி வந்த கூட்டம். மொக்கைச்சாமி ஹாரனை அமுக்கினார். ஒரு மாடு திரும்பிப் பார்த்துவிட்டு வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

"மலைமாடு ஆத்தா. ஹாரன்னா என்னான்னு அதுகளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

சினேகா பின்னால் இருந்து ஒரு வாழை மட்டையை உருவிக்கொண்டு குதித்தாள். "ஹை! ஹை! த்தா!" என்று கெங்குவார்பட்டிக் குரலில் கத்திக்கொண்டு மாடுகளுக்குள் புகுந்தாள். மேய்ச்சல்காரர் ஓடி வந்து, "ஏய், யாரு புள்ள நீ?" என்று வைதார். வையட்டும். வண்டி போகிற அளவுக்கு ஒரு சந்து விழுந்தது. அவள் ஓடிக்கொண்டே ஏறிக்கொண்டாள்.

"வண்டிக்கு முன்னால போயி சாகப் பாத்த. இப்ப மாட்டுக்கு முன்னால. பெரிய ஆளுதான் நீ" என்றார் மொக்கைச்சாமி.

அவளுக்குக் கேட்கவில்லை. வலது யானை. இந்நேரம் வலது யானைதான்.

பட்டறைக்கு முன்னால் வண்டி நின்றபோது சத்தம் கேட்டது. மரத்தைப் பிட் தின்கிற கடுமையான இரைச்சல். அவளுக்கு உயிர் வந்தது. மெஷின் ஓடுகிறது. ஓடுகிற மெஷினில் யாரும் கையை விட மாட்டார்கள்.

அவள் வாசல் கேட்டைத் தள்ளினாள்.

இரைச்சல் நின்றது.

தூசி உறிஞ்சும் மோட்டார் மட்டும் தனியாக முனகியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். முதல் பிட் முடிந்தது. தவசி ஸ்பானரோடு எழுந்திருப்பான். முத்துலட்சுமியின் விரல் திரைக்குப் போகும்.

பாலீஷ் போடக் காயவைத்திருந்த சட்டங்களைத் தாண்டி ஓடினாள். ஒன்று தடுக்கியது, முழங்கால் சிராய்த்தது, எழுந்து ஓடினாள். உள்ளே, மெஷினின் மேல் தவசி குனிந்து நின்றான், ஒரு கையில் ஸ்பானர். முத்துலட்சுமி திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகம் திரையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க தவசியின் கையில் இருந்தது. வலது கை விரல் மட்டும் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. பொட்டைத் தேடியது.

"அமுக்காதீங்க! அக்கா!"

மோட்டார் முனகலில் குரல் கரைந்தது.

"கைய வையி" என்றாள் முத்துலட்சுமி.

சினேகாவுக்குப் பக்கத்துச் சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள்.

எல்லாம் அணைந்தது. மோட்டார் முனகி முனகி ஓய்ந்தது. திரை இருண்டது. தவசி மெஷினுக்குள் இருந்து தலையைத் தூக்கினான். இரண்டு கையும் இருந்தன. பத்து விரலும் இருந்தன.

"என்ன மேடம், பஸ்ஸ விட்டுட்டீகளா?" என்றான்.

முத்துலட்சுமிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? பாதி வேலையில கரண்ட ஆஃப் பண்ணுறியே! பாயிண்டு போச்சு. யானைக்குத் தும்பிக்கை ஒரு பக்கமும் மூஞ்சி ஒரு பக்கமும் வந்தா ஓனரு என்னயத்தான உரிப்பாரு!"

சினேகாவுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, இப்ப எத அமுக்குனீங்க?"

"லாக்க."

"எங்கன இருக்கு லாக்கு?"

"இந்தா, இங்கன. சிவப்புப் பொட்டு." இருண்ட கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"அமுக்கிட்டீங்களா, அமுக்கப் போனீங்களா?"

"அமுக்குனேன். அந்நேரம்தான் கரண்டு போச்சு."

சினேகா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அது இப்ப லாக் இல்லக்கா. மெஷின ஓட்டுற பட்டன்."

தவசி சிரித்தான். "மூணு வருசமா அந்த எடந்தான மேடம் லாக்கு?"

"நேத்து வரைக்கும்ணே."

"காலையில அம்புட்டு நேரம் பேசுன. இத நீ சொல்லலயே?" என்றாள் முத்துலட்சுமி.

"சொல்லல. மெனுவுக்குள்ள தள்ளிட்டேன். நீங்களும் பொட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லலயேக்கா."

"படிச்ச புள்ள சிரிப்பன்னு சொல்லல."

முத்துலட்சுமியின் முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. அமுக்கினாள், ஒன்றும் ஆகவில்லை. கரண்டை நிறுத்தி வேலையைக் கெடுத்தது இந்தப் பெண்தான். தவசியும் ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டு, "மேடம் பயந்த சுபாவம் போல" என்றான்.

என்ன நடக்கிறது என்று பார்க்க மொக்கைச்சாமி உள்ளே வந்திருந்தார். சினேகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, ஒரு வாழைத்தண்டு குடுங்க. மணிக்கட்டுத் தடிமனா."

கதவின் மேல் சாக்கை விரித்தார்கள். கரண்டைப் போட்டு, கம்ப்யூட்டர் எழுந்து, விட்ட இடத்தை மரத்தோடு பொருத்தி எடுக்க முத்துலட்சுமிக்கு நேரம் பிடித்தது. மெஷின் மறுபடி பிட்டுக்காகக் காத்து நின்றது. தவசி கையை எங்கே வைப்பானோ அங்கே, பிட்டை ஒட்டினாற்போல, சினேகா வாழைத்தண்டைக் கயிற்றால் கட்டினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"எப்பவும் அமுக்குற மாதிரி அமுக்குங்கக்கா. ஸ்கிரீனப் பாக்காதீங்க. தண்டப் பாருங்க."

முத்துலட்சுமியின் விரல் கண்ணாடியில் ஊர்ந்து பொட்டைத் தொட்டது. பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "கைய வையி."

மெஷின் கத்தியது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் தண்டு இரண்டு துண்டு. நார் நாராகத் தெறித்தது. தண்ணீர் தவசியின் சட்டையிலும் மொக்கைச்சாமியின் முகத்திலும் அடித்தது. சினேகா 'நிறுத்து' பட்டனை அறைந்தாள். மெஷின் நின்ற பிறகும் ஒரு துண்டு சாக்கின் மேல் உருண்டு உருண்டு போய்க் கீழே விழுந்தது.

தவசி தன் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தான். முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

முத்துலட்சுமி அப்படியே தரையில் மரத்தூளுக்குள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் மேல் பாய்ந்தாள். "ஏலே! சொன்னவுடனே கைய வைக்கிறியே, உனக்கு அறிவு இருக்கா? வெளங்காதவனே! ஒரு நிமிசம் நின்னு பாத்தா என்ன?"

"நீ சொல்லித்தான மதினி வைக்கிறேன்" என்றான் தவசி மெதுவாக. "நீ சொன்னா நான் என்னைக்குப் பாத்தேன்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சினேகாவின் போன் அடித்தது. ஜெபமணி.

"சூப்பர்மா! போட்டோ பாத்தேன். பளிச்சுன்னு இருக்கு. நான் முட்டாத்தனமாப் பயந்துட்டேன். எல்லாப் பட்டறைக்கும் இப்பவே ஏத்திவிடச் சொல்லவா?"

"வேணாம் சார்! யாருக்கும் அனுப்பாதீங்க." நடந்ததைச் சொன்னாள். தன் தப்பைப் பூசி மெழுகாமல் சொன்னாள். ஜெபமணி கேட்டு முடித்தார். அப்புறம், "கர்த்தாவே" என்றார். "ஏம்மா, பழசப் போட்டுட்டு வந்துரு. இதுக்குத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். இருக்கிறதுல கைய வைக்காதன்னு."

ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"பழசு வேணாம்" என்றாள் முத்துலட்சுமி தரையிலிருந்து.

"என்னம்மா?"

"பழசு வேணாங்க சார். அந்த ஈசக் கூட்டத்துல போன ஐப்பசியில ஒரு தாமரையத் தலைகீழாக் கவுத்துப்புட்டேன். பட்டனு மாறிப்போச்சு. மரமே வீணாப் போச்சு. அதுக்கப்புறம்தான் பொட்ட ஒட்டுனேன். இதுல எழுத்து இருக்கு. வாசிச்சா வெளங்குது." எழுந்து நின்று புடவையைத் தட்டினாள். சினேகாவிடம் திரும்பினாள். "வாசிக்க நேரம் இருக்கும்போது வாசிக்கிறேன் தங்கச்சி. அவன் கை உள்ள இருக்கும்போது என் கண்ணு அங்கன இருக்கணும். விரலு என்னத்த வாசிக்கும்? பொட்டு தட்டுப்பட்டா நிக்கும். லாக்க எங்கன கொண்டுபோயி ஒளிச்சு வச்சியோ, அங்கன இருந்து எடுத்து இங்கன வையி."

ஜெபமணி ஏதோ சொல்ல வந்தார். "சார், கொஞ்ச நேரம் குடுங்க" என்று சினேகா போனை வைத்தாள்.

வெட்டிய மரச் சட்டங்களின் மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். லாக்கை மெனுவிலிருந்து வெளியே எடுத்தாள். சிவப்புப் பொட்டு இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். அதைச் சுற்றி வேறு எந்தப் பட்டனும் வராதபடி இடம் விட்டாள். 'தொடர்' பட்டனைத் திரையின் மறுகோடிக்கு நாடு கடத்தினாள். லாக் விழுந்திருந்தால் திரை முழுக்கச் சிவக்கும்படி வைத்தாள். மெஷின் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒரு முறைக்கு மூன்று முறை சரிபார்த்தாள்.

முத்துலட்சுமி திரையைப் பார்த்தாள். பிறகு பச்சைப் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். நீலத்தை எடுத்தாள். கறுப்பை எடுத்தாள். "இதெல்லாம் எதுக்கு? எழுத்துத்தான் இருக்கே" என்று ஒவ்வொன்றாக உரித்துச் சுவரில் ஒட்டினாள். சிவப்பை மட்டும் தொடவில்லை. இல்லை, தொட்டாள், விளிம்பு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

இன்னொரு தண்டைக் கட்டினார்கள். முத்துலட்சுமி அமுக்கினாள். திரை சிவந்தது. சினேகா 'தொடர்' பட்டனை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், குத்தினாள். மெஷின் அசையவில்லை. தண்டு தண்டாகவே இருந்தது.

"சரியாயிருச்சு" என்றார் மொக்கைச்சாமி, தன் தண்டு பிழைத்த சந்தோஷத்தில்.

தவசி நகரவில்லை. வாழைக்கறை பட்ட சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "தண்டுக்குச் சரி. தண்டுக்குப் பொண்டாட்டி புள்ளையா இருக்கு?" ஸ்பானரை எடுத்துச் சினேகாவிடம் நீட்டினான். "நீங்க கழட்டுங்க மேடம்."

"ஏலே, அந்தப் புள்ளயப் போயி..." என்றாள் முத்துலட்சுமி.

"நானும் ஒரு ஆத்தாவுக்குப் பொறந்தவன்தான் மதினி."

அவன் குரலில் கேலி இல்லை. சினேகா ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

மெஷினின் மேல் குனிந்தாள். பிட்டின் நுனி கண்ணுக்கு நேரே பளபளத்தது. அதன் பள்ளத்தில் வாழை நார் ஒன்று இன்னும் சுற்றியிருந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று மூளை சொன்னது. நேற்றும் இதே மூளைதான் இதையே சொன்னது. ஏற்றியது புதியதுதானா? சேமித்தேனா? ஒரு எழுத்து மாறியிருந்தால்?

திரும்பிப் பார்த்தாள். முத்துலட்சுமி திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கண் திரையில் இல்லை. சினேகாவின் கையில் இருந்தது. இமைக்கவே இல்லை. விரல் மட்டும் கண்ணாடியில் ஊர்ந்தது. பொட்டில் தட்டுப்பட்டு நின்றது. அமுக்கியது.

"கைய வையி தங்கச்சி."

சினேகா கையை வைத்தாள்.

இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்பானரைப் பொருத்தித் திருப்பினாள். இறுகியிருந்தது. பல்லைக் கடித்து மறுபடி திருப்பினாள். பொசுக்கென்று நெகிழ்ந்தது. பிட் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை மூடிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த பிட்ட யாரு மாட்டுறது? பாதியில நின்னா எப்படி மேடம்?" என்றான் தவசி.

அவள் அடுத்த பிட்டுக்குக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. அவள் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டான்.

"தள்ளுங்க. நீங்க இறுக்குனா யானைக்குக் கண்ணு கழண்டு விழுந்துரும்."

குனிந்தான். கையை உள்ளே விடும் முன்னால் ஒரு தரம் நின்றான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பித் திரையைப் பார்த்தான். சிவப்பாக இருந்தது. அப்புறம் மதினியைப் பார்த்தான்.

"வையிலே" என்றாள் முத்துலட்சுமி.

அவன் பிட்டை மாட்டி, இறுக்கி, கையை வெளியே எடுத்து, பின்னால் நகர்ந்து நிற்கும்வரை அவள் விரல் பொட்டைவிட்டு எழவே இல்லை.